போட்டி கேப்டனும் படுத்த பெருமாளும்

எங்க ஊர் பெருமாளுக்கு ஒரே வேலை, படுத்திருப்பது. ஊர்ப் பெயரே அதுதான்: பள்ளிகொண்டா. வேலூரிலிருந்து ஆம்பூர் போகிற வழியில், பாலாற்றங்கரையில், உத்திர ரங்கநாதர் என்ற பெயரில் பாம்பு மெத்தை போட்டுப் படுத்திருக்கிறார். பிரம்மா யாகம் நடத்தியபோது கோபித்துக்கொண்ட சரஸ்வதி ஆறாகப் பாய்ந்து வந்தாளாம். பெருமாள் குறுக்கே படுத்துத் தடுத்தாராம். இது ஸ்தல புராணம். தடுத்த தடுப்பில் பாலாற்றில் இன்றுவரை தண்ணீரே வரவில்லை என்பது ஊர்ப் புராணம். என்றைக்காவது ஒரு நவம்பரில் வெள்ளம் வந்துவிட்டால் ஊரே பாலத்தின் மேல் நின்று, கல்யாண ஊர்வலம் பார்ப்பதுபோல் பார்க்கும்.

இப்படி ஓர் ஆள் 1850-களில் போட்டோகிராபர் ஒருவருக்குக் கிடைத்திருந்தால் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பார். அந்தக் காலத்துக் கேமரா முன்னால் நிமிஷக்கணக்கில் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். இருமினால் போச்சு. நடந்து போனவன் படத்திலேயே இருக்க மாட்டான். மாடு தலையை ஆட்டினால், தலை இல்லாத மாடாகத்தான் பதியும். அப்படிப்பட்ட காலத்தில், யுகக்கணக்கில் இடது கையைக்கூட நகர்த்தாத ஒரு மாடல் பள்ளிகொண்டாவில் இருந்தார். அதுவும் பெங்களூரையும் சென்னையையும் இணைக்கிற ரோட்டின் மேலேயே.

ஆனாலும் சென்னை ராஜதானி சர்க்காருக்காக போட்டோ புத்தகம் போட்ட அந்த மகானுபாவர், இன்னொரு ரங்கநாதரைத் தேடி ஸ்ரீரங்கம் வரை மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போனார். ஸ்ரீரங்கத்துக்குத் தனி வால்யூம். எங்களுக்கு ஒரு பக்கம் கிடையாது. 165 வருஷத்துக்கு மேல் ஆகியும் எனக்கு இது ஆறவில்லை. ஆகவே அந்த மனிதரின் வாழ்க்கை வரலாற்றை நானே எழுதிப் பழிதீர்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

பழிதீர்க்க ஆரம்பத்திலேயே ஒரு வசதி அமைந்தது, அவர் பெயர். லின்னேயஸ் ட்ரைப். இங்கிலீஷில் ட்ரைப் என்றால் ஆட்டு வயிறு, மாட்டு வயிறு. எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் போட்டி. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் பிறந்தவனுக்குப் போட்டி என்றால் ஓட்டப்பந்தயம் நினைவுக்கு வராது. சுண்ணாம்பு தடவி, கொதிக்கிற தண்ணீரில் முக்கி, கத்தி முதுகால் மேல்தோலைச் சுரண்டி எடுத்தால், உள்ளே பழைய டர்க்கி டவல் மாதிரி சொரசொரவென்று வெள்ளையாக வருமே, அதுதான் நினைவுக்கு வரும். ஆம்பூர் டேனரி ஒன்றில் 30 வருஷம் வேலை பார்த்த என் மாமாவிடம் இந்தப் பெயரைச் சொன்னேன்.

“இன்னாது, கேப்டன் போட்டியா?”

“ஆமா மாமா. கேப்டன் போட்டி.”

“அவங்க ஊர்ல குலத்தொழில் கசாப்போ?”

இல்லை. பிளிமத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் டெவன்போர்ட் என்ற ஊர். 1822 ஏப்ரலில் பிறந்தார். 12 பிள்ளைகளில் 9-ஆவது. ஒன்பதாவது குழந்தைக்கு வரும்போது எந்த அப்பாவுக்கும் பெயர் தீர்ந்துவிடும். உலகத்தில் உள்ள செடிகொடி, பூச்சி, மிருகம் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்த ஸ்வீடன் நாட்டு லின்னேயஸின் பெயரையே தூக்கி வைத்துவிட்டார்கள். முன்னால் ஒரு விஞ்ஞானி, பின்னால் ஆட்டு வயிறு. இந்த இரண்டையும் சுமந்துகொண்டு ஒருவன் பள்ளிக்கூடத்தில் எப்படிக் காலம் தள்ளியிருப்பான்? கடல் தாண்டி ஓடிப்போனதில் ஆச்சரியமே இல்லை. 1830-களின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார்.

பட்டாளத்தில் பத்துப் பன்னிரண்டு வருஷம் அவர் செய்த வீரதீரச் செயல்கள் என்று பெரிதாக எதுவும் இல்லை, நகர்ந்துவிடலாம். 1850 வாக்கில் லீவில் ஊருக்குப் போனார். இந்த லீவு என்பது நம் ஆள் ஊர்த் திருவிழாவுக்கு நாலு நாள் போடுகிற லீவு இல்லை. வருஷக்கணக்கில் நீண்டது. அந்த லீவில்தான் போட்டோ பித்துப் பிடித்தது. 1853-ல் லண்டன் போட்டோகிராபிக் சொசைட்டியில் உறுப்பினராகச் சேர்ந்தார். 1854-ல் பெங்களூருக்குத் திரும்பி வரும்போது துப்பாக்கியை விடக் கேமரா பெட்டியைத்தான் பத்திரமாக இறக்கியிருப்பார் என்பது என் துணிபு. வந்த சூட்டோடு பேலூர், ஹளேபீடு கோவில்களைப் படம் எடுத்தார். 1855-ல் சென்னையில் நடந்த பொருட்காட்சியில் மாட்டினார். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள்.

அதே வருஷம் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பர்மாவுக்கு ஒரு தூதுக்குழு அனுப்பினார். பின்கதை இது: கம்பெனி மூன்று வருஷம் முன்புதான் பர்மாவோடு சண்டை போட்டு, நாட்டின் தென்பாதியை எடுத்து மடியில் கட்டிக்கொண்டிருந்தது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டிருந்த மிண்டோன் மன்னரிடம் இப்போது நட்பு பாராட்டப் போகிறார்கள். வீட்டுக்குப் பாதியில் சுவர் வைத்துக்கொண்டவன், மறுபாதிக்காரன் வீட்டு விசேஷத்துக்குக் கேமராமேனோடு வந்து நிற்கிற மாதிரி. குழுவின் தலைவர் ஆர்தர் பேர், செயலாளர் ஹென்றி யூல், போட்டோகிராபர் நம்ம போட்டி. மழைக்காலம். காகிதம் நமுத்துப்போகிறது, உடம்பு படுத்துகிறது. அப்படியும் 200-க்கு மேல் படங்களோடு திரும்பினார். அதில் 120 படங்களைப் பொறுக்கி, 50 செட் போட்டுக் கொடு என்றது சர்க்கார்.

50 செட் என்று ஒரு கையெழுத்தில் சொல்லிவிட்டார்கள். கணக்குப் போடுங்கள்: 6,000 படம். ஒவ்வொன்றும் கையால் போட வேண்டும். எழுத்தும் படமும் ஒரே மெஷினில் அச்சாகிற காலம் வர இன்னும் கால் நூற்றாண்டு ஆகும். அன்றைக்குப் போட்டோ புத்தகம் என்றால் உண்மையான போட்டோவைப் பிரிண்ட் போட்டு, பக்கத்துக்குப் பக்கம் பசை தடவி ஒட்டுவது. கல்யாண ஆல்பம் மாதிரிதான். ஆனால் ஒரே கல்யாணத்துக்கு 50 ஆல்பம், சம்பந்தி வீட்டில் எல்லாருக்கும் ஆளுக்கொன்று.

அந்தத் தொழில்நுட்பத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதில் பாதி சமையல். லெ கிரே என்ற பிரெஞ்சுக்காரர் 1851-ல் வெளியிட்ட முறை. நல்ல மெல்லிய காகிதத்தை எடுத்து, உருக்கிய தேன்மெழுகில் முக்கி, மேலே மை ஒற்றுத்தாள் வைத்து இஸ்திரிப் பெட்டியால் தேய்க்க வேண்டும். மிச்ச மெழுகு ஒற்றுத்தாளில் இறங்கி, காகிதம் வெங்காயத் தோல் மாதிரி கண்ணாடியாகும். பிறகு அயோடைடு குளியல், அப்புறம் வெள்ளி நைட்ரேட் குளியல். வெள்ளி நைட்ரேட் விரலில் பட்டால் கறுப்பு போகவே போகாது. அந்தக் காலத்துப் போட்டோகிராபரை விரலைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம், எங்கள் பக்கம் டேனரிக்காரரைக் கண்டுபிடிக்கிற மாதிரி. இப்படித் தயாரான காகிதத்தைக் கேமராவில் வைத்து எடுத்தால் நெகட்டிவ். நெகட்டிவ்வை, முட்டை வெள்ளைக்கரு பூசிய இன்னொரு காகிதத்தின் மேல் வைத்துச் சட்டம் போட்டு வெயிலில் காயவைத்தால் பிரிண்ட். அதாவது மெழுகு, முட்டை, வெள்ளி, வெயில். இதில் மூன்று காசு கொடுத்து வாங்க வேண்டியவை, நான்காவது இலவசம். அந்த நான்காவது சரக்கில் வேலூரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மே மாசம் கோட்டை மைதானத்தில் சட்டத்தை வைத்திருந்தால் பிரிண்ட்டோடு ஆம்லெட்டும் கிடைத்திருக்கும். ஆனால் அவர் கடையைப் போட்டது குளுகுளு பெங்களூரில். மெழுகு உருகிவிடுமாம். பெரிய மனிதர்.

இந்த மெழுகுக் காகிதத்துக்கு ஒரு குறை உண்டு. வானத்தின் வெளிச்சம் அதிகம் பட்டு, மேகமெல்லாம் காணாமல்போய், ஆகாயம் வெள்ளையடித்த சுவர் மாதிரி வரும். மரத்தின் இலைகளோ ஒரே கறுப்பாக அப்பிக்கொள்ளும். கேப்டன் போட்டி அசரவில்லை. தூரிகையை எடுத்தார். நெகட்டிவ்வின் மேலேயே சாயம் தொட்டு மேகம் வரைந்தார். இலைகளுக்கு வெளிச்சம் போட்டார். இன்று ஸ்டூடியோவில் முகத்துக்கு வெள்ளையடித்துத் தருகிற பையனைத் திட்டுகிறோமே, அந்தக் கலையின் பாட்டன் கம்பெனி சம்பளத்தில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார். மதுரை மேலே மிதக்கிற சில மேகங்கள் மதுரைக்கு வந்ததே இல்லை.

1856-ல் அவரைச் சென்னை ராஜதானியின் சர்க்கார் போட்டோகிராபராகவே போட்டார்கள். கவர்னர் ஹாரிஸ் பிரபு. கோவில், கோட்டை, அரண்மனை, கல்வெட்டு எல்லாவற்றையும் எடுத்துப் புத்தகமாகப் போடுவது வேலை. எதை எடுப்பது, எதை விடுவது, எந்த வரிசையில் அடுக்குவது என்று இன்று கியூரேட்டர்கள் ஏசி அறையில் உட்கார்ந்து தலையைப் பிய்த்துக்கொள்கிற வேலை முழுவதையும் அவர் மாட்டு வண்டியில் உட்கார்ந்து முடித்தார்.

எப்போது கிளம்பினார் என்பதுதான் வேடிக்கை. 1857 டிசம்பர். வடக்கே கான்பூர், லக்னோ எல்லாம் பற்றி எரிந்துகொண்டிருக்கிறது. கம்பெனியின் வேரே ஆடுகிறது. அந்த நேரத்தில் கம்பெனியின் கேப்டன் ஒருவர் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டிகளில் கேமராவையும் மெழுகையும் ஏற்றிக்கொண்டு, கோபுரத்துக்கு எந்தப் பக்கம் நின்றால் நிழல் சரியாக விழும் என்று பார்த்துக்கொண்டு தெற்கே போகிறார். வீடு பற்றி எரிகையில் சுவரில் மாட்டியிருக்கிற தாத்தா படம் கோணலாக இருக்கிறதே என்று சரிசெய்கிற மனசு. எனக்கு அந்த மனசு பிடித்திருக்கிறது, இருந்தாலும் வழக்கை வாபஸ் வாங்க மாட்டேன்.

ஏன் வேலூர் பக்கம் திரும்பவில்லை? என்னிடம் மூன்று யூகம் இருக்கிறது. ஒன்று, மதராஸ் பட்டாளத்துக்காரனுக்கு வேலூர் என்ற பெயரைக் கேட்டாலே அடிவயிறு கலங்கும். 1806 ஜூலை 10-ஆம் தேதி விடியற்காலை சிப்பாய்கள் கோட்டைக்குள் வெள்ளைக்காரர்களைத் தீர்த்துக்கட்டியதற்கு உடனடிக் காரணங்களில் ஒன்று, புதுத் தலைப்பாகையில் வைத்த தோல் குஞ்சம். தோலை வைத்து எங்கள் பக்கத்துக்காரனிடம் விளையாடக் கூடாது என்று அன்றைக்கே பாடம் படித்தார்கள். மறுபடி 1857-ல் கொழுப்புத் தடவிய தோட்டாவில் அதே பாடத்தை அரியர்ஸ் எழுதினார்கள். இரண்டாவது யூகம், அன்றைய வேலூர்க் கோட்டைக் கோவிலில் மூலவர் கிடையாது. ஜலகண்டேஸ்வரர் உள்ளே வந்தது 1981-ல்தான். சாமி இல்லாத கோவில், தண்ணீர் இல்லாத ஆறு என்று எங்கள் ஜில்லாவைப் பற்றி நாங்களே பெருமையாகச் சொல்லிக்கொள்வோம், அது அவர் காதிலும் விழுந்திருக்கலாம். மூன்றாவது யூகத்தை மாமா சொன்னார்: “நாத்தம், மாப்ள. பெங்களூர்க்காரன் மூக்கு தாங்காது.” அன்றைக்கு இங்கே ஆவாரம் பட்டை போட்டுப் பதனிடுவார்கள். இன்றைய குரோமிய வாசனைக்கு அது சந்தனம்.

ஒரு கொடுமை பாருங்கள். ராயக்கோட்டைக்குக்கூட ஒரு வால்யூம் உண்டு. சேலம் ஜில்லாவையும் அதிலேயே சேர்த்துவிட்டார். பிறகு ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூரும் திருவையாறும் என்று தனித்தனிப் புத்தகம், எல்லாம் 1858-ல் வெளிவந்தன. நான்கைந்து மாசச் சுற்றுப்பயணத்தில் இத்தனையும் எடுத்து, அந்த வருஷமே புத்தகமாக்கியிருக்கிறார். இன்று ஒரு கவிதைத் தொகுப்பு அட்டை வடிவமைப்புக்கே ஆறு மாசம் ஆகிறது.

படங்களில் ஆள் நடமாட்டமே குறைவு. மதுரைக் கோவிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் பார்த்தால், ஊரே காலிசெய்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். எல்லாரும் இருந்திருப்பார்கள். பூக்காரி, யானைப்பாகன், சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு பட்டர்கள். நடந்துகொண்டே இருந்ததால் பதியவில்லை. நிமிஷக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றவன்தான் சரித்திரத்தில் இடம்பிடித்தான். பரபரப்பாக உழைத்தவனைக் காகிதம் கண்டுகொள்ளவில்லை.

தஞ்சாவூரில் அவர் செய்த காரியம்தான் உச்சம். பெரிய கோவில் விமானத்தின் அடியைச் சுற்றி ராஜராஜன் வெட்டிவைத்த கல்வெட்டுகள் ஓடுகின்றனவே, அதை முழுசாகப் பிடிக்க நினைத்தார். ஒரு படத்தில் எப்படி அடங்கும்? கேமராவைத் தூக்கி வைத்து ஒன்று எடுப்பது, நாலடி நகர்வது, அடுத்தது எடுப்பது. கோடு மேலே கீழே போகக் கூடாது, கேமராவின் உயரமும் தூரமும் மாறக் கூடாது. இப்படி 21 படம் எடுத்து, எல்லாவற்றையும் நுனிக்கு நுனி ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக ஆக்கினார். செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு உடம்பைத் திருப்புவதற்குள் பாதியில் தலை கோணலாகிவிடுகிற நாம், இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு ஒரு கும்பிடு போட வேண்டும். போட்டேன்.

அந்தக் கல்வெட்டுகளில் இருப்பது பெரும்பாலும் கணக்கு. எந்த நகையில் எத்தனை முத்து, விளக்குக்கு எத்தனை ஆடு, எந்த ஊரிலிருந்து எவ்வளவு நெல், கோவிலில் ஆடிய 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்குத் தலைக்கு ஒரு வீடு எந்தத் தெருவில். ராஜராஜன் வெட்டி வைத்தது கல்லில் ஒரு ஆடிட் ரிப்போர்ட். கணக்கை 19 அடிக்குப் போட்டோ எடுத்த மனிதரைக் கடைசியில் கணக்குத்தான் கவிழ்த்தது. அதற்கு வருகிறேன்.

நடுவில் சென்னை மியூசியத்தில் ஒரு வேலை. எழும்பூர் மியூசியத்துக்கு முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர். கல்லையும் மண்ணையும் அடுக்கி வைத்து, வாருங்கள் வாருங்கள் என்றால் ஜனம் வருமா? அவர் உயிருள்ள புலியையும் சிறுத்தையையும் கொண்டுவந்து வளாகத்தில் வைத்தார். கூட்டம் அலைமோதியது. கியூரேட்டர் தொழிலின் ஆதி ரகசியம் இது. அந்தப் புலிப் பாரம்பரியம்தான் பிறகு பீப்பிள்ஸ் பார்க் என்ற பூங்காவுக்குப் போய், 1985-ல் வண்டலூரில் குடியேறியது. அதே மியூசியத்தில் அமராவதி ஸ்தூபத்தின் சிற்பங்கள் கிடந்தன. வால்டர் எலியட் 1845-ல் தோண்டி எடுத்தவை. 1858-ல் கேப்டன் போட்டி அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து 75 படங்களில் ஒரு புத்தகமாக்கினார். மறுவருஷம் கற்கள் லண்டனுக்குக் கப்பலேறின, இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அடகுக்கடையில் நகையை வாங்கி உள்ளே வைக்கும்போது ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்களே, எனக்கு அந்தப் புத்தகம் அப்படித்தான் படுகிறது. வித்தியாசம், மீட்கிற தேதி எழுதவில்லை.

இப்போது வில்லன் வருகிறார். 1859 மார்ச்சில் சென்னைக்குப் புதுக் கவர்னர்: சர் சார்லஸ் டிரெவெல்யன். இவருடைய முன்கதை கொஞ்சம் பயங்கரம். 1840-களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகி ஜனங்கள் பட்டினியில் சாகும்போது, லண்டன் கஜானாவில் உட்கார்ந்து நிவாரணச் செலவை இறுக்கிப் பிடித்தவர் என்று இன்றுவரை ஐரிஷ்காரர்கள் மறக்காமல் திட்டுகிற ஆள். இன்னொரு சாதனையும் உண்டு. சிபாரிசில் வேலை கொடுப்பதை நிறுத்து, பரீட்சை வைத்து ஆள் எடு என்று 1854-ல் நார்த்கோட்டோடு சேர்ந்து அறிக்கை கொடுத்தவர் இவரே. நம் வீட்டில் குரூப் ஃபோர் எழுதுகிற பிள்ளைகள் ராத்திரி இரண்டு மணிக்கு யாரைச் சபிப்பது என்று தெரியாமல் தவித்தால், ஆள் இவர்தான். ஆக, போட்டித் தேர்வைக் கொண்டுவந்தவர் கையால் போட்டிக்கு முடிவு வந்தது. இந்தச் சிலேடையை நான் உருவாக்கவில்லை, சரித்திரமே அவிழ்த்துக் கொடுத்தது.

டிரெவெல்யன் வந்ததும் கணக்குப் புத்தகத்தைப் பிரித்தார். கலகத்தை அடக்கிய செலவில் கஜானா காலி. கம்பெனியே 1858-ல் கடையைக் கட்டி மகாராணியிடம் சாவியைக் கொடுத்துவிட்டது. செலவைக் குறைக்க வேண்டும். இதென்ன, போட்டோகிராபி டிபார்ட்மென்ட்? மெழுகு, முட்டை, வெள்ளி, உதவியாளர் சம்பளம்? நம் நிதிநிலைமைக்கு இது கட்டுபடியாகாத ஆடம்பரம் என்று எழுதிவிட்டார். 1860-க்குள் கடை மூடப்பட்டது.

கையெழுத்துப் போடும் முன் அங்கே என்ன நடந்திருக்கும்? நானே கட்டிய நாடகம் இது, சும்மா கேளுங்கள்:

“இந்தச் சுருள் எவ்வளவு நீளம் என்றீர்கள்?”

“19 அடி, யுவர் எக்ஸலென்ஸி.”

“பாதி எடுத்திருந்தால் பாதிச் செலவில் முடிந்திருக்குமே?”

“கல்வெட்டு பாதியில் நிற்காதே, ஐயா.”

“இதில் என்ன எழுதியிருக்கிறது?”

“ஒரு ராஜா கோவிலுக்குச் செய்த செலவு.”

“பார்த்தீர்களா, அவன் ராஜ்யமும் போய்விட்டது.”

வில்லன் கதைக்கு இரண்டு பின்னிணைப்பு உண்டு. போட்டோ ஆடம்பரம் என்ற அதே கவர்னர்தான் சென்னையில் பீப்பிள்ஸ் பார்க் என்று பிரம்மாண்டமான பூங்காவுக்கு வழிசெய்தவர். குளம், மரம், நடைபாதை. ஜனங்கள் காற்று வாங்கலாம், படம் பார்க்கக் கூடாது. இரண்டாவது இன்னும் சுவை. கல்கத்தாவில் நிதி மந்திரி வில்சன் 1860-ல் வருமான வரி என்ற புது விஷயத்தைக் கொண்டுவந்தார். டிரெவெல்யன் எதிர்த்தார். எதிர்த்தது குற்றமில்லை. எதிர்ப்புக் குறிப்பைப் பத்திரிகைக்குக் கொடுத்து அச்சிலேற்றிவிட்டார். உடனே லண்டன் அவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. அடுத்தவன் பப்ளிஷ் பண்ணுவதை நிறுத்தியவருக்கு, தானே பப்ளிஷ் பண்ணியதால் வேலை போயிற்று. எங்கள் ஊரில் இதை “ரங்கநாதர் படுத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருக்கிறார்” என்போம். கொஞ்ச நாளில் அவரே நிதி மந்திரியாகத் திரும்பி வந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெருமாள் சில சமயம் கண்ணயர்வதும் உண்டு.

கேப்டன் போட்டி அதற்குப் பிறகு கேமராவைத் தொட்டது அபூர்வம். பட்டாளத்திலேயே படிப்படியாக ஏறி, கௌரவ மேஜர் ஜெனரலாக 1875-ல் ஓய்வு பெற்று, பிறந்த டெவன்போர்ட்டிலேயே 1902 மார்ச்சில் செத்துப்போனார். ஏழெட்டு வருஷம் பேய்மாதிரி உழைத்த வேலையை ஒரு கையெழுத்தில் விட்டுவிட்டு, நாற்பது வருஷம் பேசாமல் இருந்திருக்கிறார். நம் எழுத்தாளர்களில் ஒருவராவது இப்படி இருப்பாரா? ஒரு நூலகம் ஒரு புத்தகத்தை வாங்காவிட்டால் நாலு கட்டுரை எழுதுவோம்.

கேமரா மட்டும் சென்னையில் ஓயவில்லை. டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850-ல் ஆரம்பித்த கலைப்பள்ளியில் உள்ளூர்ப் பிள்ளைகள் போட்டோ எடுக்கக் கற்றுக்கொண்டார்கள். 1873-ல் வெளிவந்த, நீலகிரிப் பழங்குடிகளையும் அங்குள்ள புராதனச் சின்னங்களையும் பற்றிய பிரீக்ஸின் புத்தகத்துக்குப் படங்கள் எடுத்தவர் அந்தப் பள்ளியைச் சேர்ந்த ஐயாசாமி. மேஜர் ஜெனரலுக்கு 2014-லும் 2015-லும் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் என்று மூன்று ஊர்களில் தடபுடலாகக் கண்காட்சி வைத்தார்கள். ஐயாசாமிக்கு இன்னும் யாரும் வைக்கவில்லை என்றால் வைக்க வேண்டியதுதான். அவர் பெயரிலாவது வயிறு கிடையாது.

எங்கள் பக்கத்துக்கு இந்தக் கதையில் ஒன்றுமே இல்லையா என்று நீங்கள் பரிதாபப்பட வேண்டாம். கொஞ்சம் பொறுத்திருந்தோம், போட்டோகிராபியே எங்கள் வழிக்கு வந்தது. 1871-ல் ரிச்சர்ட் மேடக்ஸ் என்ற டாக்டர், கண்ணாடித் தகட்டில் ஜெலட்டின் பூசலாம் என்று கண்டுபிடித்தார். ஜெலட்டின் என்றால் என்ன? மாட்டுத் தோல், எலும்பு இவற்றைக் காய்ச்சி இறக்கினால் வருவது. தச்சர்கள் வஜ்ஜிரம் என்று காய்ச்சி மரத்தை ஒட்டுவார்களே, அதன் படித்த அண்ணன். அதன் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் உலகத்தில் எடுத்த ஒவ்வொரு பிலிமும் மாட்டின் தயவு. 1920-களில் கோடக் கம்பெனியின் ஷெப்பர்ட் இன்னும் ஒரு படி மேலே போனார். சில ஜெலட்டினில் பிலிம் நன்றாக வேலை செய்கிறது, சிலதில் மந்தமாக இருக்கிறது, ஏன் என்று குடைந்து பார்த்தால், மாடு மேய்ந்த கடுகுச் செடி மாதிரி தழைகளிலிருந்து வருகிற துளிக் கந்தகம்தான் காரணமாம். மாடு என்ன தின்றது என்பதைப் பொறுத்து எம்.ஜி.ஆர். முகம் பளிச்சென்று விழுந்திருக்கிறது.

இதை மாமாவிடம் விளக்கினேன். தோலின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் சவ்வைச் சுரண்டி ஓரமாகக் குவித்து வைப்பதும், பசை காய்ச்சுகிறவர்கள் வந்து அள்ளிக்கொண்டு போவதும் அவருக்கு 30 வருஷப் பழக்கம். “அத்தயா படமா ஆக்குனானுங்க?” என்று கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். குரோமிய உப்புப் போட்டால் ஜெலட்டின் இறுகும், பழைய காலத்தில் அதை வைத்தே போட்டோ அச்சடித்திருக்கிறார்கள், டேனரியில் தோலைப் பதப்படுத்துவதும் அடிப்படையில் அதே வித்தைதான் என்று மேலும் சொன்னேன். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. தெருவில் போகிற ஸ்டூடியோக்காரரை அன்றைக்குப் பங்காளி முறையில் கூப்பிட்டுவிட்டார்.

போன மாசம் ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் கோவிலுக்குப் போனோம். வாசலில் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தார்கள். பெருமாளை நிறைய நேரம் பார்த்தோம், கூட்டமில்லை. விளக்கு வெளிச்சத்தில் அந்த நீளத்தைப் பார்த்தபோது, 21 துண்டாக எடுத்து ஒட்ட வேண்டிய ஆள் இவர்தான் என்று தோன்றியது. வெளியே வந்து டோக்கனைக் கொடுத்துப் போனை வாங்கிக்கொண்டு பாலத்துப் பக்கம் நடந்தோம். தூரத்தில் டோல்கேட் தெரிந்தது. பள்ளிகொண்டாவின் இன்றைய புகழ் அதுதான். பெங்களூர், சென்னை வண்டி ஒவ்வொன்றையும் அங்கே கேமரா பிடித்துக்கொண்டே இருக்கிறது, ராத்திரி பகல், நம்பர் பிளேட்டோடு. மேகம் வரைய ஆள் வைக்கவில்லை.

“ஏன் மாப்ள, அந்தப் போட்டிக்காரன் நம்ம ஊருக்கு வந்திருந்தா இன்னா எடுத்திருப்பான்?”

“உள்ளே விட்டிருக்க மாட்டாங்க மாமா. வெளியே நின்னு கோபுரத்தை எடுத்திருப்பான்.”

“மேல வானம் மொட்டையா கீதே?”

“அதுக்கு மேகம் வரைஞ்சிருப்பான்.”

மாமா பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்து கீழே மணலைப் பார்த்தார்.

“அப்டியே கையோட ஆத்துல தண்ணியும் வரைஞ்சிருப்பானா?”